பரணில் கிடைத்த கிரிக்கெட் அட்டை: கையெழுத்துக்கு விலை உண்டா?

பணி ஓய்வு பெற்று, நெய்வேலி குவார்ட்டர்ஸைக் காலி செய்து, வடக்குத்துப் பக்கம் சொந்த வீட்டுக்குக் குடிவருகிறவர்கள் ஏராளம். சாமான் ஏற்றும்போது பரணிலிருந்து இறங்கும் தகரப்பெட்டியில், 1980களில் பிக் ஃபன் பபிள்கம்மோடு வந்த கிரிக்கெட் அட்டைகள் இருக்கலாம். அதில் ஒன்றில் ஸ்ரீகாந்தின் கையெழுத்தும் இருந்தால்? எடைக்குப் போடுவதற்கு முன் சிலவற்றைப் பாருங்கள்.

முதலில், அது பேனாவால் போட்டதா, அச்சில் வந்ததா? லென்ஸ் வைத்துப் பார்த்தால், அச்சுக் கையெழுத்து பெரும்பாலும் படத்தைப் போலவே புள்ளி புள்ளியாகத் தெரியும். பேனா மை படத்தின்மேல் தனியாக ஓடும். வெளிச்சத்தில் சாய்த்தால் மினுங்கும். பால்பாயின்ட் பேனா என்றால் லேசாகப் பள்ளமும் விழுந்திருக்கும்.

பேனா மை என்பதாலேயே வீரரே போட்டது என்றாகிவிடாது. அங்கேதான் சாட்சி வேண்டும். 1986-ல் சேப்பாக்கத்தில் இந்தியாவும் ஆஸ்திரேலியாவும் ‘டை’ செய்த டெஸ்டின்போது வாங்கியது என்றால், அந்த டிக்கெட்டோ, கையெழுத்துப் போடும்போது எடுத்த போட்டோவோ அட்டையின் மதிப்பைக் கூட்டும்.

அடுத்தது அட்டையின் நிலை. 1952-ல் டாப்ஸ் நிறுவனம் வெளியிட்ட மிக்கி மேன்டில் பேஸ்பால் அட்டை ஒன்று, 2022-ல் அமெரிக்காவில் 1.26 கோடி டாலருக்கு ஏலம் போனது. அதில் பேனாக் கையெழுத்தே கிடையாது. முனை மழுங்காமல், நிறம் மங்காமல் இருந்ததால், தரம் பார்க்கும் நிறுவனம் 10-க்கு 9.5 கொடுத்திருந்தது, விலை ஏறியதற்கு அது பெரிய காரணம். நம்மூர் அட்டைக்கு அந்த விலையை எதிர்பார்க்க வேண்டாம். இங்கே வாங்குகிறவர்கள் குறைவு. ஆனால் கணக்கு ஒன்றுதான்: யார், எவ்வளவு அரிது, எந்த நிலை, என்ன சாட்சி.

நல்லது செய்வதாக நினைத்து லேமினேஷன் போட்டுவிடாதீர்கள். சூட்டில் ஒட்டிய பிளாஸ்டிக்கைப் பிரித்தால் மையும் கூடவே வரும். மங்கிய கையெழுத்தின்மேல் திரும்ப எழுதுவதும் கூடாது. அமிலமில்லாத உறையில் போட்டு, வெயிலும் ஈரமும் ராமபாணப் பூச்சியும் அண்டாத இடத்தில் வையுங்கள்.

இணையத்தில் ஒருவர் கேட்கும் விலை விலையல்ல. கடைசியாக எவ்வளவுக்கு விற்றது என்று பாருங்கள். விற்கிறீர்களோ இல்லையோ, கையெழுத்து வாங்கியவர் வீட்டில் இருக்கும்போதே எங்கே, எப்போது, எப்படி வாங்கினார் என்று கேட்டு, அவர் கையாலேயே தனித்தாளில் எழுதவைத்து அட்டையோடு சேர்த்து வையுங்கள்.