கோரைக் கிழங்கும் 700 இரவுகளும்

அன்னூர்ப் பக்கம் வாழைத் தோட்டத்தில் கோரை பிடுங்கியவர்களுக்கு ரத்தப் புற்றுநோயின் கணக்கு சட்டென்று பிடிபடும். மேலே தெரிகிற புல்லை அறுத்துவிட்டால் தோட்டம் சுத்தமாகத்தான் இருக்கும். கிழங்கு மண்ணுக்குள் கிடக்கும். ஒரு தண்ணீர் பாய்ச்சினால் மறுபடி தலையை நீட்டும்.

குழந்தைகளுக்கு அதிகமாக வரும் ஏ.எல்.எல். என்ற ரத்தப் புற்றுநோய் கண்டுபிடிக்கப்படும் நாளில், உடம்பில் சுமார் ஒரு லட்சம் கோடி புற்றணுக்கள் இருக்கும். முதல் நான்கைந்து வார மருந்திலேயே பெரும்பகுதி அழிந்துவிடும். எலும்பு மஜ்ஜையில் அவை 5 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால், டாக்டர் ‘ரெமிஷன்’ என்பார். நோய் அடங்கிவிட்டது என்று பொருள். வீட்டில் பாயசம் வைக்கலாம். ஆனால் அன்றைக்கும் பல நூறு கோடி புற்றணுக்கள் மிச்சம் இருக்கக்கூடும். மைக்ராஸ்கோப்புக்குத் தட்டுப்படாத கிழங்கு அது.

மருந்து கொடுத்து இந்த நோயை அடக்க முடியும் என்று முதலில் காட்டியவர் பாஸ்டன் டாக்டர் சிட்னி ஃபார்பர். 1948-ல் அவர் வெளியிட்ட அறிக்கையில், அமினோப்டெரின் ஊசி போட்ட 16 குழந்தைகளில் 10 பேருக்கு முன்னேற்றம் தெரிந்தது. அந்த மருந்தைக் கொடுத்த லெடர்லே ஆய்வகத்தில் ஆராய்ச்சியை நடத்தியவர், சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்பிரகடா சுப்பாராவ். தர்மப் பணமும் மாமனார் திரட்டிய பணமும்தான் அவரை அமெரிக்காவுக்குக் கப்பலேற்றின. ஆனால் ஃபார்பரின் குழந்தைகளுக்குச் சில மாதங்களிலேயே நோய் திரும்பியது.

ஏன் என்பதை 1960-களில் ஆய்வாளர் ஹோவர்ட் ஸ்கிப்பர் எலிகளை வைத்து விளக்கினார். ஒவ்வொரு தவணை மருந்தும் இத்தனை அணு என்று எண்ணிக் கொல்வதில்லை. இருப்பதில் இத்தனை பங்கு என்றுதான் கொல்கிறது. நூறில் 99 போனாலும் ஒன்று நிற்கும். எலியைக் கொல்ல அந்த ஒரு புற்றணுவே போதும். அதனால்தான் பல மருந்துகளைச் சேர்த்து, இரண்டு மூன்று வருஷம் விடாமல் கொடுக்கிறார்கள். அதில் ஒன்றான வின்கிரிஸ்டின், நம் சுடுகாட்டோரம் பூக்கும் நித்தியகல்யாணியிலிருந்து பிரித்தெடுப்பது. இலையை அப்படியே மென்றால் விஷம். வசதியான நாடுகளில் இன்று 100 குழந்தைகளில் ஏறக்குறைய 90 பேர் பிழைக்கிறார்கள்.

இந்த இரண்டு மூன்று வருஷத்தில்தான் ஊர் உள்ளே வருகிறது.

மருந்து புற்றணுவோடு நல்ல அணுக்களையும் அழிக்கும். தட்டணுக்கள் குறைந்தால் பல் ஈறில்கூட ரத்தம் கசியும். தானம் பெற்ற தட்டணுக்கள், வெளிர் மஞ்சள் திரவமாக ஒரு பையில் இருக்கும். ஃபிரிட்ஜில் வைத்தால் கெட்டுவிடும். 20 முதல் 24 டிகிரி சூட்டில், தொட்டில் போல ஆட்டிக்கொண்டே வைக்க வேண்டும். அப்படியும் ஆயுள் 5 நாள்தான். ஆகவே திருவிழா முகாமில் கொடுத்ததை அடுத்த மாதத்துக்குச் சேர்த்து வைக்க முடியாது. போன் அடித்தால் மறுநாள் காலை கோயமுத்தூர் பஸ் ஏறுகிற பையன்கள் வேண்டும்.

வெள்ளணுக்கள் குறைந்த நேரத்தில் காய்ச்சல் வந்தால் அது சாதாரணக் காய்ச்சல் அல்ல. ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்த ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாடிக் ஏற வேண்டும் என்பது விதி. அன்னூரிலிருந்து கோயமுத்தூர் சுமார் 30 கிலோமீட்டர். நடுராத்திரி ஒரு மணிக்கு ‘கார் சாவி இந்தாங்க’ என்று கதவைத் திறக்கும் பக்கத்து வீட்டுக்காரரும் சிகிச்சையில் சேர்த்திதான்.

கூடப் பேசி, சிரித்து, தைரியம் சொன்னால் புற்றணு சாகுமா? தோழமைக் குழுவில் இருந்த மார்பகப் புற்றுநோயாளிகள் கூடுதல் காலம் வாழ்ந்ததாக 1989-ல் ஓர் அமெரிக்க ஆய்வு சொன்னது. அதே குழுவினர் திரும்பச் செய்து 2007-ல் வெளியிட்ட ஆய்வில் அந்தப் பலன் கிடைக்கவில்லை. ஆறுதல் மனசுக்கு நல்லது. அணுவைக் கொல்ல மருந்து தவறாமல் உள்ளே போயாக வேண்டும்.

கடைசிக் கட்டம் வீட்டில் நடப்பது. தினமும் மெர்காப்டோபியூரின் மாத்திரை, ஏறத்தாழ 700 இரவு. குழந்தைக்கு முடி முளைத்திருக்கும், பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருக்கும், நோய் மறந்தே போயிருக்கும். அமெரிக்காவில் மாத்திரை டப்பா மூடியில் மின்னணுச் சில்லு வைத்துப் பார்த்தார்கள். மூடி திறக்கும் ஒவ்வொரு தடவையும் நாளும் நேரமும் பதியும். 95 சதவீதத்துக்குக் குறைவாக மாத்திரை எடுத்த குழந்தைகளுக்கு நோய் திரும்பும் ஆபத்து இரண்டு மடங்குக்கும் மேல் இருந்தது. மாதம் இரண்டு ராத்திரி மறந்தாலே அந்தக் கோட்டுக்குக் கீழே போய்விடலாம்.

நம் வளவில் அந்தச் சில்லு இல்லை. திண்ணையில் அமுச்சி இருக்கிறார். ‘ஏங்கண்ணு, மாத்திரை போட்டாச்சா?’ சில்லுக்கு மூடி திறந்ததுதான் தெரியும். அமுச்சியோ, பிள்ளை மாத்திரையை விழுங்கித் தண்ணீர்ச் சொம்பைக் கீழே வைக்கும்வரை அந்த இடத்தை விட்டு நகர மாட்டார்.