சர்க்கரைக்குக் கஷாயமா? ஆடுதின்னாப்பாளையில் கவனம்!

கயத்தாறு வட்டாரக் கரிசல் புஞ்சைகளில் வரப்போரம் ஆவாரை மஞ்சளாகப் பூத்து நிற்கும். பயிருக்குள் ஆடுதின்னாப்பாளை தரையோடு படரும். இரண்டுக்கும் கைவைத்தியத்தில் இடமுண்டு. ஆனால் 'கசப்பாக இருந்தால் சர்க்கரைக்கு நல்லது' என்று எல்லாவற்றையும் காய்ச்சிக் குடித்தால் சிறுநீரகம் தாங்காது.

தட்டில் நடப்பது வேறு

சிறுநீரகம் ரத்தத்தை வடிகட்டும்போது கூடவே இறங்கும் சர்க்கரையை நுண்குழாய்ச் செல்கள் திரும்ப உறிஞ்சுகின்றன. சர்க்கரை ஆண்டுக்கணக்கில் கூடுதலாகவே இருந்தால் அந்தச் செல்கள் நலிந்து சாகின்றன.

ஆய்வகத்தில் இந்தச் செல்களை வளர்த்து, 100 மில்லிக்கு 540 மில்லிகிராம் வரை சர்க்கரை சேர்க்கிறார்கள். இயல்பு அளவு 100தான். பிறகு சில மூலிகைச் சாறுகளை விட்டால் பல செல்கள் பிழைக்கின்றன. நல்ல செய்திதான். ஆனால் தட்டில் சாறு நேரடியாகச் செல்மீது படுகிறது. நாம் குடிக்கும் கஷாயமோ குடலையும் கல்லீரலையும் கடந்தாக வேண்டும்.

ஆப்பிள் மரப்பட்டையில் புளோரிசின் என்ற பொருளைப் பிரித்தது 1835இல். அதை மாதிரியாக வைத்து உருவான டபாகுளிபுளோசின் மாத்திரை சிறுநீரகத்தைக் காக்கும் என்பது, நோயாளிகளிடம் நடந்த பெரிய ஆய்வில் உறுதியானது 2020இல்தான்.

ஆடும் தின்னாத செடி

ஆடுதின்னாப்பாளையில் உள்ள அரிஸ்டோலோகிக் அமிலம் அதே நுண்குழாய்ச் செல்களை அழிக்கும். சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயையும் உண்டாக்கும். பெல்ஜியத்தில் 1990களின் தொடக்கத்தில் உடல் மெலிய மூலிகை மாத்திரை சாப்பிட்ட நூற்றுக்கும் மேற்பட்டோருக்குச் சிறுநீரகம் பழுதானது. வேறொரு மூலிகைக்குப் பதிலாக இதே இனச் செடி அதில் கலந்திருந்தது. டான்யூப் ஆற்றுப் படுகைக் கிராமங்களில் பரவலாக வந்த சிறுநீரக நோய்க்கும், கோதுமையோடு அரைபட்ட இந்த இனக் களையின் விதையே காரணம் என்று ஆய்வாளர்கள் கண்டனர்.

செய்ய வேண்டியவை

* ஆடுதின்னாப்பாளையைக் காய் பிடிக்கும் முன் வேரோடு களையுங்கள். பயறு அறுவடையில் அதன் காய், விதை கலக்க விடாதீர்கள்.
* மூலிகை சேகரித்து விற்போர் ஒவ்வொரு செடியையும் தனித்தனியே உலர்த்தி, தனிச் சாக்கில் கட்டுங்கள்.
* என்ன சேர்ந்திருக்கிறது என்று தெரியாத சர்க்கரைப் பொடியை வாங்காதீர்கள்.
* சர்க்கரை நோயாளிகள் ஆண்டுக்கு ஒருமுறையாவது ரத்தத்தில் கிரியாட்டினின், சிறுநீரில் ஆல்புமின் பரிசோதனை செய்யுங்கள். கஷாயம் குடித்தால் மருத்துவரிடம் மறைக்காதீர்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

சந்தேகமான செடியைப் பூவோடு பிடுங்கி வந்து, கோவில்பட்டி வேளாண்மை ஆராய்ச்சி நிலையத்தில் காட்டிக் கேளுங்கள்.