காசநோய்: எக்ஸ்ரே நிழலைக் காட்டும், சளிதான் கிருமியைக் காட்டும்

தோட்டத்தில் ஒருவர் மாதக்கணக்கில் இருமினால் அதற்குக் காரணம் சொல்ல ஆளுக்கொன்று இருக்கும். விடியற்காலைப் பனி, சிகரெட், களைக்கொல்லி மருந்து தெளிக்கும் வேலை என்பார்கள். இருமல் மருந்து ஒரு போத்தல் வாங்கிக் குடித்துவிட்டு மறுநாள் பெரட்டுக்குப் போய்விடுவார். உடம்பு இளைத்து, மாலையில் காய்ச்சல் அடித்து, சளியில் இரத்தம் கண்ட பிறகுதான் மருத்துவமனை நினைவுக்கு வரும். அதற்குள் வீட்டில் உள்ளவர்களுக்கும் கிருமி தொற்றியிருக்கக்கூடும்.

காசநோய் பழைய காலத்து வியாதி அல்ல. மலேசியாவில் 2022ஆம் ஆண்டில் மட்டும் 25,000க்கும் மேற்பட்டோருக்கு இந்நோய் கண்டறியப்பட்டது. 2,000க்கும் அதிகமானோர் இறந்தனர். நோயைக் காலத்தோடு கண்டுபிடித்தால் மருந்தில் குணப்படுத்திவிடலாம். ஆகவே அதை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள் என்பதை நாம் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

எக்ஸ்ரே எதைச் சொல்லும்?

இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருப்பதாகச் சொன்னால் மருத்துவர் நெஞ்சு எக்ஸ்ரே எடுக்கச் சொல்வார். காசநோய் பெரும்பாலும் நுரையீரலின் மேல்பகுதியைத் தாக்கும். அங்கே வெள்ளை நிழலோ குழிபோன்ற ஓட்டையோ தெரிந்தால் சந்தேகம் வலுக்கும்.

ஆனால் நிழல் தெரிவதாலேயே காசநோய் என்று முடிவு கட்ட முடியாது. நிமோனியாவிலும் நிழல் தெரியும், புற்றுநோயிலும் தெரியும். இருபது வருடத்துக்கு முன் வந்து ஆறிய காசநோயின் தழும்புகூடத் தெரியும். எந்தக் கிருமி, அது உயிரோடு இருக்கிறதா என்ற கேள்விகளுக்கு எக்ஸ்ரேயில் பதில் கிடையாது.

நீரிழிவு உள்ளவர்களுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. அவர்களுக்குக் காசநோய் வரும் ஆபத்து மற்றவர்களைவிட இரண்டு மூன்று மடங்கு அதிகம். நிழலும் சில வேளை நுரையீரலின் கீழ்ப்பகுதியில் விழுந்து, சாதாரண நிமோனியா போலத் தோன்றும். 2019ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி நாட்டில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியர்களிடையே அது 31.4 விழுக்காடு. எனவே இனிப்புநீர் உள்ளவர் இருமலோடு கிளினிக்குக்குப் போனால் அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

சளி எதைச் சொல்லும்?

காசநோய்க் கிருமியை 1882இல் ஜெர்மானிய மருத்துவர் ராபர்ட் கோக் கண்டுபிடித்தார். இன்றும் மருத்துவமனை ஆய்வுக்கூடத்தில் சளியைக் கண்ணாடித் துண்டில் தடவி, சாயமேற்றி, நுண்பெருக்கியில் பார்க்கிறார்கள். கிருமி இருந்தால் சின்னச் சின்னச் சிவப்புக் குச்சிகளாகத் தெரியும். செலவு குறைந்த, விரைவான சோதனை இது.

இதற்கும் ஓர் எல்லை உண்டு. ஒரு மில்லிலிட்டர் சளியில் 5,000 முதல் 10,000 கிருமிகளாவது இருந்தால்தான் நுண்பெருக்கியில் சிக்கும். அதனால்தான் ஒன்றுக்கு மேற்பட்ட முறை சளி கேட்கிறார்கள். முதல் சோதனையில் ‘இல்லை’ என்று வந்ததும் வீட்டுக்குப் போய்விடுவது ஆபத்தானது.

சந்தேகம் தீராவிட்டால் வேறு இரண்டு வழிகள் உண்டு. ‘ஜீன்எக்ஸ்பெர்ட்’ எனும் கருவி கிருமியின் மரபணுவைத் தேடி, சுமார் இரண்டு மணி நேரத்தில் முடிவு சொல்லும். முக்கிய மருந்தான ரிஃபாம்பிசின் அந்தக் கிருமியிடம் பலிக்குமா என்பதும் அதிலேயே தெரியும். மற்றது, சளியிலுள்ள கிருமியை ஆய்வுக்கூடத்தில் வளர்த்துப் பார்ப்பது. மிகக் குறைந்த கிருமிகளையும் இது காட்டிக்கொடுக்கும். ஆனால் கிருமி மெதுவாக வளர்வதால் முடிவு வர ஆறு முதல் எட்டு வாரம் வரை ஆகலாம்.

நல்ல சளி கொடுப்பது எப்படி?

பல வேளைகளில் நோயாளி கொடுப்பது எச்சில்தான். எச்சிலில் கிருமியைத் தேடிப் பயனில்லை. இரவு முழுக்க நெஞ்சில் சேர்ந்த சளி காலையில்தான் நன்றாக வரும். பெரட்டுக்குப் புறப்படும் முன், காப்பி குடிக்கும் முன் எடுப்பது நல்லது.

வெறும் தண்ணீரில் வாய் கொப்பளிக்க வேண்டும். மூச்சை இரண்டு மூன்று முறை ஆழமாக இழுத்துவிட்டு, நெஞ்சின் அடியிலிருந்து இருமித் துப்ப வேண்டும். கெட்டியாக ஒரு தேக்கரண்டி அளவு இருந்தால் போதும். வீட்டுக்குள் பிள்ளைகள் பக்கத்தில் இருக்கும்போது இதைச் செய்யாமல், வெளியே காற்றோட்டமான இடத்தில் செய்யுங்கள். டப்பாவை இறுக மூடி, அன்றே கிளினிக்கில் கொடுத்துவிடுங்கள்.

சளியே வராதவர்களுக்கு மருத்துவமனையில் உப்புநீர் ஆவி பிடிக்கவைத்துச் சளியை வரவழைப்பார்கள். சிறு பிள்ளைகள் சளியை விழுங்கிவிடுவதால், காலையில் குழாய் வழியாக வயிற்றிலிருந்து எடுப்பதும் உண்டு.

இன்னொன்று: கையிருப்பில் உள்ள ஆன்டிபயோடிக் மாத்திரைகளை நாமாகப் போட்டுக்கொள்ளக் கூடாது. சில வகை மாத்திரைகள் காசநோயைக் குணப்படுத்தாமல் கொஞ்ச நாள் அடக்கி மட்டும் வைக்கும். நோய் கண்டுபிடிக்கப்படுவது தள்ளிப்போகும்.

உறுதியானால் என்ன நடக்கும்?

வார்டில் தனி அறை கொடுப்பதும், தாதியர் முகக்கவசம் போடுவதும் நோயாளியை ஒதுக்குவதற்காக அல்ல. இருமும்போது கிருமி காற்றில் பரவும் என்பதே காரணம். சரியான மருந்து தொடங்கிய சில வாரங்களில் பரவும் தன்மை வெகுவாகக் குறைந்துவிடும். வழக்கமான சிகிச்சை ஆறு மாதம்: முதல் இரண்டு மாதம் நான்கு மருந்து, அடுத்த நான்கு மாதம் இரண்டு மருந்து. இரண்டாம் மாத முடிவில் மீண்டும் சளி பார்ப்பார்கள். உடம்பு தேறிவிட்டதென்று இடையில் நிறுத்தினால், மருந்துக்கு அடங்காத கிருமி உருவாகும் ஆபத்து உண்டு.

வீட்டில் வைத்திருந்தால் எல்லாருக்கும் தொற்றிவிடுமே என்ற பயத்துக்கு 1950களிலேயே சென்னையில் பதில் கிடைத்தது. சேத்துப்பட்டில் 1956இல் அமைந்த காசநோய் ஆய்வு மையம், நோயாளிகளில் ஒரு பகுதியினரைச் சானடோரியத்திலும் மறுபகுதியினரை அவரவர் நெருக்கடியான வீட்டிலும் வைத்து மருந்து கொடுத்தது. இரு தரப்பிலும் குணமானவர்கள் ஏறக்குறைய ஒரே அளவு. வீட்டில் இருந்தவர்களின் குடும்பத்தினருக்குக் கூடுதலாக நோய் பரவவுமில்லை. மருந்து ஒழுங்காக உள்ளே போனதே அதற்குக் காரணம்.

அரசாங்க கிளினிக்கில் பதிவுக்கட்டணம் ஒரு வெள்ளிதான். லாபு, ரந்தாவ், சிலியாவ், பகாவ் வட்டாரத் தோட்டங்களில் இருப்பவர்கள் அருகிலுள்ள கிளினிக்குக்கே முதலில் போகலாம். தேவைப்பட்டால் சிரம்பான் துவாங்கு ஜாஃபார் மருத்துவமனைக்கோ, கோலப்பிலா துவாங்கு அம்புவான் நஜிஹா மருத்துவமனைக்கோ அனுப்புவார்கள். வீட்டில் ஒருவருக்கு உறுதியானால் மற்றவர்களும், முக்கியமாகப் பிள்ளைகளும் வயதானவர்களும், கூப்பிடும் நாளில் சோதனைக்குப் போக வேண்டும். இருமல் இரண்டு வாரத்தைத் தாண்டினால், சளி டப்பாவைக் கேட்டு வாங்கத் தயங்காதீர்கள்.