உஷார் மக்களே! சாம்பல் மேகம் விமானத்தை நிறுத்தும்... உங்களுக்குச் சேதி வராது!

வீட்டில் யாராவது கல்ஃபில் வேலை பார்க்கிறார்களா? லீவில் வந்தவர் திரும்பிப் போக டிக்கெட் போட்டிருக்கிறாரா? அப்படியானால் கையிலிருக்கிற வேலையை வைத்துவிட்டு இதைப் படியுங்கள்.

நாகர்கோவிலில் வானம் வெளுத்துக் கிடக்கும். மழை இல்லை, புயல் இல்லை.

ஆனாலும் உங்கள் விமானம் ரத்தாகலாம்.

காரணம், எங்கோ வெடித்த எரிமலை. சிரிக்காதீர்கள். 2025 நவம்பரில் நடந்தது இது.

கருங்கல் பக்கத்துப் பையன் ஒருவர். பேர் வேண்டாம். துபாயில் ஏசி மெக்கானிக். துபாய் விசாவில் இருப்பவர் ஆறு மாதத்துக்கு மேல் வெளியே தங்கினால் விசா போய்விடும் என்பது நம் ஊரில் எல்லோருக்கும் தெரியும். இவரும் தெரிந்தேதான் கடைசி வாரம்வரை இழுத்தார். திருவனந்தபுரத்தைவிட விலை குறைவு என்று கொச்சியிலிருந்து டிக்கெட். வேன் பிடித்து, அம்மா, மனைவி, கைக்குழந்தை சகிதம் ஏர்போர்ட் போய் இறங்கினால், "ஃப்ளைட் கேன்சல். உங்களுக்கு மெசேஜ் அனுப்பியாச்சே" என்கிறார்கள்.

மெசேஜ் போனது உண்மை. போய்ச் சேர்ந்தது டிக்கெட் போட்டுக் கொடுத்த ஏஜென்ட்டின் போனுக்கு!

பதிவு செய்யும்போது ஏஜென்ட் தன் எண்ணையும் தன் மெயிலையும் கொடுத்திருக்கிறார். அன்றைக்கு அவர் ஒரு கல்யாண வீட்டில். போனைப் பார்க்கவில்லை. பையனுக்கு அடுத்த டிக்கெட் கிடைத்தபோது விசாவுக்கு மிச்சம் ஒரே நாள். அந்த அம்மா சாப்பிடாமல் கிடந்ததைப் பார்த்தவர்கள் சொன்னார்கள்.

நடந்தது இதுதான். நவம்பர் 23-ஆம் தேதி எத்தியோப்பியாவின் அஃபார் பகுதியில் ஹய்லி குப்பி என்ற எரிமலை வெடித்தது. பல்லாயிரம் ஆண்டுகளாக அது வெடித்ததாகத் தடயமே இல்லை. சாம்பல் சுமார் 14 கிலோமீட்டர் உயரம் போனது. விமானங்கள் வழக்கமாகப் பறக்கிற உயரத்தையும் தாண்டி! செங்கடல், ஏமன், ஓமன் தாண்டி அரபிக்கடல் மேலே வந்து, மறுநாள் இரவு குஜராத், ராஜஸ்தான், டெல்லி வரை பரவியது. கண்ணூரிலிருந்து அபுதாபிக்குக் கிளம்பிய விமானம் அகமதாபாத்தில் போய் இறங்கியது. கொச்சியிலிருந்து துபாய்க்கும் ஜெத்தாவுக்கும் போக வேண்டிய விமானங்கள் ரத்தாயின. குமரி மாவட்டத்துக்கு மேல் அந்தச் சாம்பல் வரவேயில்லை. ஆனால் நம் பிள்ளைகள் போகிற பாதையில் கிடந்தது.

"சாம்பல்தானே, ஊடே பறந்தால் என்ன?" என்று கேட்பவர்களுக்கு 1982 ஜூன் 24-ஆம் தேதி இரவைச் சொல்ல வேண்டும். கோலாலம்பூரிலிருந்து பெர்த் போய்க்கொண்டிருந்த பிரிட்டிஷ் ஏர்வேஸ் ஜம்போ விமானம். உள்ளே 263 உயிர். ஜாவாவின் கலுங்குங் எரிமலை கக்கிய சாம்பலுக்குள், தெரியாமலே நுழைந்துவிட்டது. ஒன்றன்பின் ஒன்றாக நான்கு எஞ்சினும் நின்றன. நான்கும்! 37,000 அடியில் பறந்த விமானம், எஞ்சின் சத்தமே இல்லாமல் சுமார் 13,000 அடிவரை இறங்கியது. அந்த உயரத்தில்தான் எஞ்சின்கள் திரும்ப உயிர் பிடித்தன. ஜகார்த்தாவில் இறக்கும்போது விமானியின் முன்கண்ணாடி சாம்பல் அரித்து மங்கிப்போயிருந்தது. ஓடுபாதையே சரியாகத் தெரியவில்லை.

இது அடுப்புச் சாம்பல் இல்லை. பாறையும் கண்ணாடியும் பொடிந்த தூள். சுமார் 1,100 டிகிரியில் உருகும். எஞ்சினுக்குள் வெப்பம் அதைவிட அதிகம். உருகிய தூள், பானையில் அடிப்பிடித்த கஞ்சி மாதிரி டர்பைன் இறக்கைகளில் ஒட்டி, காற்றுப் பாதையை அடைத்துவிடும்.

இன்னொரு பயங்கரம்: விமானத்தின் ரேடார் மழைத்துளியைக் காட்டும், இந்தத் தூளைக் காட்டாது. இரவில் கண்ணுக்கும் தெரியாது.

அதனால்தான் தரையிலிருந்து பார்த்துச் சொல்ல உலகத்தில் ஒன்பது எரிமலைச் சாம்பல் எச்சரிக்கை மையங்கள் இருக்கின்றன. எத்தியோப்பியாவுக்குப் பொறுப்பு பிரான்சின் துலூஸ் மையம். நம் அந்தமானிலேயே உயிரோடிருக்கிற பாரன் தீவு எரிமலைக்கு ஆஸ்திரேலியாவின் டார்வின். செயற்கைக்கோளின் அகச்சிவப்புப் படத்தில் சாதா மேகத்தையும் சாம்பலையும் பிரித்துப் பார்ப்பார்கள். காற்றின் போக்கைக் கணக்குப் போட்டு, அடுத்த 18 மணி நேரம்வரை மேகம் எங்கே நகரும் என்று அறிவிப்பார்கள். ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறையாவது புதுப்பிப்பார்கள். அதை வைத்து இந்திய வானிலைத் துறை விமானங்களுக்கு எச்சரிக்கை விடும். விமானப் போக்குவரத்தை ஒழுங்குபடுத்துகிற டிஜிசிஏ, விமான நிறுவனங்களுக்கு உத்தரவு போடும்.

இவ்வளவும் ஒழுங்காகவே நடந்தது. அறுந்தது கடைசிக் கண்ணி. கம்பெனிக்கும் பயணிக்கும் நடுவில்.

நம் மாவட்டத்துக்கு இது புதிதா? 2017-இல் ஒக்கிப் புயல் வந்தபோது, ஏற்கனவே ஆழ்கடலில் கிடந்தவர்களுக்கு எச்சரிக்கை போய்ச் சேரவில்லை. தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறைக்காரர்களிடம் கேளுங்கள். உயிரும் டிக்கெட்டும் ஒன்றல்ல, ஒப்பிட எனக்கு வாய் வரவில்லை. ஆனாலும் சேதி வந்து சேராவிட்டால் என்ன ஆகும் என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

இனி, எதைப் பார்த்தால் பதற வேண்டும்?

டிக்கெட்டில் இருக்கிற போன் எண் உங்களுடையது இல்லையென்றால், அதுதான் முதல் ஆபத்து. இன்றைக்கே மாற்றச் சொல்லுங்கள். சரியான தொடர்பு எண் கொடுக்காத பயணிக்கு நஷ்டஈடு கிடையாது என்று டிஜிசிஏ விதியே சொல்கிறது. எரிமலை இயற்கைச் சீற்றம் என்பதால் நஷ்டஈடு எப்படியும் வராது. டிக்கெட் பணத்தையோ மாற்று விமானத்தையோ கேட்டு வாங்கலாம்.

எத்தியோப்பியா பக்கம் எரிமலை என்று டிவியில் ஓடினால் கல்ஃப் டிக்கெட்டைப் பாருங்கள். இந்தோனேசியா என்றால் சிங்கப்பூர், மலேசியா போகிறவர்கள் பாருங்கள். உங்களை ஏற்றிப்போக வேண்டிய விமானம், அது வர வேண்டிய ஊரிலிருந்து கிளம்பிவிட்டதா என்று களியக்காவிளை தாண்டும் முன்பே விசாரியுங்கள். அது வரவில்லையென்றால் நீங்கள் போகப்போவதும் இல்லை.

"சாம்பல் போய்விட்டதாம்" என்று நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். சாம்பல் பக்கம் பறந்த விமானங்களைச் சோதிக்க வேண்டும் என்று ஏர் இந்தியா அப்போது 11 விமானங்களை ரத்து செய்தது. அதில் சென்னை – மும்பை விமானமும் உண்டு.

விசா முடிய ஒரு வாரம் இருக்கையில் டிக்கெட் போடுகிற பழக்கத்தை விட்டுவிடுங்கள், உங்களுக்குப் புண்ணியமாகப் போகும். மும்பைக்கு ஒரு டிக்கெட், அங்கிருந்து தனியாக இன்னொன்று என்று எடுப்பதும் வேண்டாம். முதலாவது ரத்தானால் இரண்டாவதற்கு யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள்.

கடைசியாக, விமானம் ரத்தானதும் கூகுளில் கஸ்டமர் கேர் எண்ணைத் தேடாதீர்கள். போலி எண்கள் மலிந்து கிடக்கின்றன. டிக்கெட்டிலும் கம்பெனியின் சொந்த ஆப்பிலும் உள்ள எண் மட்டும் போதும். "ரீஃபண்ட் போடுகிறோம், ஓடிபி சொல்லுங்கள்" என்றால் பேச்சே வேண்டாம், துண்டியுங்கள். பணம் போய்விட்டதா? ஏமாந்ததை வெளியே சொல்ல வெட்கப்பட்டு உட்காராமல், அந்த நிமிடமே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்கு அடியுங்கள்.