இறுகிப்போன இருக்கை வார்



தோட்டப்புறத்து வீட்டு வாசல்களில் ஒரு காலத்தில் சைக்கிள் நின்றது. பிறகு மோட்டார் சைக்கிள் வந்தது. இன்று பல வீடுகளின் முன்னே ஒரு பழைய காரும் நிற்கக் காண்கிறோம். மருத்துவமனைக்குப் போகவும், பட்டணத்தில் சாமான் வாங்கவும், திருவிழாவுக்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்லவும் அது உதவுகிறது. ஆனால் கை மாறி வந்த காரில் சில குறைகளும் சேர்ந்தே வரும். பிரேக் சரியில்லை என்றால் உடனே பட்டறைக்கு ஓடுகிறோம். சீட் பெல்ட் என்று நாம் சொல்லும் இருக்கை வார் இறுகிக்கொண்டால் மட்டும், "பக்கத்தில்தானே போகிறோம்" என்று விட்டுவிடுகிறோம்.

இந்தத் தவற்றை நானும் செய்திருக்கிறேன். எங்கள் காரில் என் மனைவி உட்காரும் பக்கத்து வார் வெளியே வரும்; ஆனால் திரும்பி உள்ளே போகாது. தொங்கிக் கிடந்து கதவில் மாட்டிக்கொள்ளும். அந்தத் தொல்லைக்காக அதை இருக்கைக்குப் பின்னால் சொருகி வைத்தோம். மூன்று மாதம் அப்படியே ஓடியது. ஒரு நாள் காலை, தோட்டத்துச் செம்மண் சாலையில் ஒரு மாடு குறுக்கே வந்தது. நான் பிரேக்கை மிதித்தேன். கார் வழுக்கி வாய்க்கால் கட்டையில் மோதியது. முப்பது கிலோமீட்டர் வேகம்தான் இருக்கும். எனக்கு ஒரு கீறலும் இல்லை. வார் அணியாத என் மனைவியின் நெற்றி கண்ணாடியில் இடித்து, ஏழு தையல் போட வேண்டியதாயிற்று.

பிறகு பட்டறைக்காரர் அந்த வாரைப் பார்த்தார். உள்ளே எதுவும் உடையவில்லை. தோளுக்கு மேலே வார் நுழைந்து வரும் வளையத்தில், தலையெண்ணெயும் வியர்வையும் செம்மண் தூசியும் கலந்து பிசின்போல் படிந்திருந்தது. சோப்பு நீர் தொட்ட துணியால் துடைத்தார். வார் சரசரவென்று உள்ளே போயிற்று. ஐந்து நிமிட வேலை. அந்த ஐந்து நிமிடத்தை நான் மூன்று மாதமாகச் செலவிடவில்லை. அதனால்தான் இன்று இதைப் பற்றிப் பேச வந்தேன்.

முதலில் இந்த வார் என்ன செய்கிறது என்று பார்ப்போம். கார் ஓடும்போது நம் உடலும் அதே வேகத்தில் ஓடுகிறது. கார் திடீரென்று நின்றாலும் உடல் நிற்பதில்லை. மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் மோதுவது, ஏறக்குறைய 10 மீட்டர் உயரத்திலிருந்து கீழே விழுவதற்குச் சமம். வளர்ந்த தென்னை மரத்திலிருந்து விழுவதாக எண்ணிக்கொள்ளுங்கள். எங்கள் கார் போன 30 கிலோமீட்டர் வேகமே, ஏறக்குறைய பன்னிரண்டு அடி உயரத்திலிருந்து விழுவதற்கு ஒப்பாகும். மெதுவாகத்தானே போகிறோம் என்பது வீண் சமாதானம்.

தோளையும் இடுப்பையும் சேர்த்துப் பிடிக்கும் இன்றைய வாரை 1959ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டு வோல்வோ நிறுவனத்தின் பொறியியலாளர் நில்ஸ் போலின் அமைத்துக் கொடுத்தார். நம் மலேசியாவில் முன்னிருக்கையில் அமர்வோர் வார் அணிய வேண்டும் என்ற விதி 1979 ஏப்ரல் முதல் தேதி நடப்புக்கு வந்தது. பின்னிருக்கைக்கு 2009 ஜனவரி முதல் தேதி வந்தது. ஆகவே, பாட்டி பின்னால் உட்கார்ந்தாலும் வார் அணியத்தான் வேண்டும்.

இனி, அதன் உள்ளமைப்பைக் காண்போம். தச்சர் வைத்திருக்கும் அளவுநாடாவைப் பார்த்திருப்பீர்கள். இழுத்தால் வரும், விட்டால் தானே சுருண்டு உள்ளே போகும். இருக்கை வாரும் அப்படித்தான். கதவுத் தூணின் அடியில் ஒரு பெட்டி உண்டு. அதனுள் ஓர் உருளையும், அதைத் திருப்பிச் சுழற்றும் சுருள் வில்லும் உள்ளன. உருளையின் ஓரத்தில் பற்சக்கரம் ஒன்றும், அதன் பல்லில் மாட்டும் கொக்கி ஒன்றும் உண்டு. வாரை வெடுக்கென்று இழுத்தாலோ, கார் திடீரென்று நின்றாலோ, அதிகம் சாய்ந்தாலோ கொக்கி பல்லில் மாட்டி வாரை நிறுத்திவிடும். நம்மைக் காப்பது அந்தக் கொக்கிதான். ஆகவே, வார் இறுகுவது எப்போதும் பழுதன்று. பல நேரங்களில் அது தன் கடமையைச் செய்கிறது.

இப்போது வீட்டில் செய்யக்கூடியவற்றை ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

முதலாவது, வார் பாதி வழியில் நின்றுவிட்டால். கோபத்தில் இழுக்காதீர்கள். இழுக்க இழுக்கக் கொக்கி இன்னும் இறுகும். வாரை ஓர் அங்குலம் உள்ளே போகவிட்டுப் பிறகு மெதுவாக, ஒரே சீராக இழுங்கள். கார் மேட்டுச் சரிவில் நிற்கிறதா என்றும் பாருங்கள். மலைச்சரிவுத் தோட்டங்களில் இது சாதாரணம். சமதரையில் நிறுத்தினால் வார் தானே விட்டுக்கொடுக்கும்.

இரண்டாவது, வார் முழுவதும் உள்ளே போய் வெளியே வர மறுத்தால். இரண்டு கைகளாலும் வாரைப் பிடித்து ஒரு முறை பலமாக இழுத்து, சட்டென்று விடுங்கள். உருளையில் சுற்றிய வார் சற்று இறுகி, பின்வாங்கும்போது உருளை கொஞ்சம் திரும்பும். அப்போது கொக்கி பல்லை விட்டு விலகும். உடனே மெதுவாக இழுங்கள். இரண்டு மூன்று முறை செய்து பார்க்கலாம்.

சில கார்களில் வாரைக் கடைசி வரை இழுத்துவிட்டால், பிறகு அது உள்ளே மட்டும் போகும், வெளியே வராது. குழந்தை இருக்கையை இறுகக் கட்டுவதற்காகச் செய்த ஏற்பாடு அது. முழுவதையும் உள்ளே போகவிட்டால் பழைய நிலைக்கு வந்துவிடும்.

மூன்றாவது, எங்கள் காருக்கு நேர்ந்ததுபோல் வார் உள்ளே போகாமல் தொங்கினால். முதலில் வார் முறுக்கிக்கொண்டு வளையத்தில் மடிந்திருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் பிரித்து விடுங்கள். அடுத்து, வாரை முழுவதும் வெளியே இழுத்து, அது திரும்பிப் போகாதபடி துணி காயப்போடும் கவ்வி ஒன்றை மேல் வளையத்தின் அருகே மாட்டுங்கள். வெதுவெதுப்பான நீரில் சிறிது சோப்பைக் கரைத்து, துணியை நனைத்துப் பிழிந்து வாரின் இரு பக்கமும் துடையுங்கள். பிறகு ஒரு துணிக் கீற்றைச் சோப்பு நீரில் நனைத்து வளையத்துக்குள் நுழைத்து, காலணிக்குப் பளபளப்பு ஏற்றுவதுபோல் முன்னும் பின்னும் இழுங்கள். அழுக்கு கறுப்பாக வரும். கடைசியில் சுத்த நீரால் துடைத்து, நிழலில் ஓர் இரவு காயவிடுங்கள். ஈர வாரை உள்ளே போகவிட்டால் பூசணம் பிடிக்கும், பெட்டியிலும் துருவேறும்.

குளோரோக்ஸ் போன்ற வெளுப்பு நீரைத் தொடவே வேண்டாம். அது நூலின் பலத்தைத் தின்றுவிடும். எண்ணெயும் விடாதீர்கள். அது தூசியைச் சேர்த்துப் பழைய கதைக்கே கொண்டுபோய்விடும்.

நான்காவது, பூட்டு மாட்டாமல் போனால். பெரும்பாலும் பிள்ளைகள் தின்ற கச்சான் தோலோ, பிஸ்கட் துகளோ, ஒரு ஐந்து சென் நாணயமோ உள்ளே கிடக்கும். கைவிளக்கை அடித்துப் பார்த்து, சிவப்புப் பொத்தானை அழுத்தியபடி மெல்லிய மரக்குச்சியால் தள்ளி எடுங்கள். பூட்டின் அடியில் மின்கம்பி இருந்தால் அதை இழுக்காதீர்கள்.

எல்லாம் செய்த பின் ஒரு சோதனை உண்டு. வாரை வெடுக்கென்று இழுங்கள். அது நிற்க வேண்டும். விடுங்கள், அது முழுவதும் உள்ளே போக வேண்டும். மாட்டிய பூட்டு இழுத்தால் கழலக் கூடாது. பொத்தானை அழுத்தினால் உடனே கழல வேண்டும். இவற்றுள் ஒன்று தவறினாலும் பட்டறைக்குக் கொண்டுபோக வேண்டும்.

நம் கை எட்டக்கூடாத எல்லையும் ஒன்று உண்டு. அதுதான் அந்தப் பெட்டி. அதைத் திறக்காதீர்கள். சுருள் வில் பாய்ந்து கையைக் கிழிக்கும். மறுபடி சுற்றி வைக்கவும் முடியாது. 1990களிலிருந்து வந்த பல கார்களில், மோதும் கணத்தில் வாரை இறுக்கிப் பிடிப்பதற்காகச் சிறு வெடிமருந்துக் குப்பியும் அங்கே இருக்கும். விளையாட்டாகக் கைவைக்கும் பொருளன்று அது. முன்பு பெரிய விபத்தில் சிக்கிய காரின் வார் இறுகியே கிடந்தால், அந்தக் குப்பி வெடித்து முடிந்திருக்கலாம். அதற்குப் புது வார்தான் வழி. ஓரம் கிழிந்த வாரையும் ஊசி நூலால் தைத்துப் பயன்படுத்தக் கூடாது. உடைத்த காரிலிருந்து கழற்றிய பழைய வாரை மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். அது என்ன அடி பட்டது என்று நமக்குத் தெரியாது.

வார் சரியாகும்வரை அந்த இருக்கையில் ஒருவரையும் உட்கார வைக்காதீர்கள். வேறு இருக்கை இல்லை என்றால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். போலீசைக் கண்டதும் வாரைக் கையால் பிடித்துக்கொள்வது அபராதத்திலிருந்து வேண்டுமானால் தப்பிக்க உதவும். கண்ணாடியிலிருந்து தப்பிக்க உதவாது.

வரும் ஞாயிற்றுக்கிழமை காரைக் கழுவும்போது, வாளியில் மிஞ்சும் சோப்பு நீரைக் கொட்டுமுன், நான்கு வார்களையும் ஒரு முறை இழுத்துப் பாருங்கள். என் மனைவி தலை வாரும்போதெல்லாம் அந்தத் தழும்பை முடியால் மறைத்துக்கொள்கிறாள். அவள் ஒன்றும் சொல்வதில்லை. எனக்குத்தான் ஒவ்வொரு முறையும் அந்த ஐந்து நிமிடம் நினைவுக்கு வருகிறது.