தளர்ந்த திருகாணி
உடுப்புப் புராணம் – 17

முதலில் அந்தக் கம்பளி மேலாடையைப் பார்த்துவிடுவோம். நிறம் கறுப்பு. உள்ளே இருப்பவர் ஒல்லியா பருமனா என்று காட்டிக்கொடுக்காத தொளதொளப்பு. அதன் மேல் சிறிதும் பெரிதுமாக, எந்த ஒழுங்கும் இல்லாமல் ஓட்டைகள். வீட்டில் இப்படி ஒன்று கிடந்தால் பூச்சி அரித்துவிட்டது என்று தரை துடைக்க எடுத்துக்கொள்வோம். 1982-இல் பாரிஸ் நகரத்து உடை அரங்கில், குளிர்காலத்துக்கான புதுத் தொகுப்பு என்று சொல்லி இதைப் பெண்களுக்கு மாட்டி நடக்கவிட்டார் ரெய் கவாகுபோ. அவருடைய நிறுவனத்தின் பெயர் ‘கோம் தே கார்ஸோன்’. பிரெஞ்சில் ‘பையன்களைப் போல’ என்று பொருள்.

அவை கிழிசல்களே அல்ல என்றார் கவாகுபோ. துணிக்கு இன்னொரு பரிமாணம் கொடுக்கும் திறப்புகள் அவை. ஒருவகை லேஸ் என்றும் கொள்ளலாம் என்பது அவர் கட்சி. கேட்டவர்கள் சிரித்திருப்பார்கள். ஆனால் பின்னல் வேலை தெரிந்தவர்களுக்கு இது சிரிப்பல்ல. பின்னிய துணியில் கத்தரி வைத்தால் ஓட்டை ஓட்டையாக நிற்காது. கண்ணி கண்ணியாகக் கழன்று ஆடை முழுதும் ஓடிவிடும். நிற்கிற ஓட்டை வேண்டுமென்றால், பின்னும்போதே விளிம்புக் கண்ணிகளை மூடி, இடைவெளி விட்டு, மறுபடி தொடங்க வேண்டும். முழுத் துணி பின்னுவதைவிட ஓட்டைத் துணி பின்னுவதற்குத்தான் கைவேலை அதிகம்.

தறியிலும் அதே கதை. இயந்திரங்கள் தேறத் தேறத் துணி மாசு மருவில்லாமல் ஒரே சீராக வந்துகொண்டிருக்கிறது, எனக்கு அது பிடிக்கவில்லை என்று கவாகுபோ ஒருமுறை குறைப்பட்டுக்கொண்டார். எங்கோ ஒரு சறுக்கல் இருக்க வேண்டும். கைத்தறி என்றால் அது தானாக வரும். கைத்தறிக்கு வழியில்லாதபோது? தறியின் திருகாணிகளை அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தளர்த்திவிடுவார்களாம். இயந்திரம் செய்ய வேண்டியதைச் சரியாகச் செய்ய முடியாமல் தடுமாறும். அந்தத் தடுமாற்றம் துணியில் இறங்கும்.

உலகத்தில் எந்த நெசவாலையிலும் மேஸ்திரியின் வேலை ஆணியை முடுக்குவது. இங்கே ஒரு பெண் தளர்த்தச் சொல்கிறார். அவருடைய எண்பதுகளின் தொகுப்புகளை எனக்குப் புரியவைத்தது இந்த ஒரு செய்திதான்.

கவாகுபோ 1942-இல் டோக்கியோவில் பிறந்தவர். தந்தை கெயோ பல்கலைக்கழகத்தில் நிர்வாக வேலையில் இருந்தார். மகளும் அங்கேயே கலையும் அழகியலும் படித்து 1964-இல் வெளியே வந்தார். தையல் பள்ளிப் பக்கம் போனதே இல்லை. செயற்கை இழை தயாரிக்கும் அசாஹி கசெய் நிறுவனத்தின் விளம்பரப் பிரிவில் வேலை. விளம்பரப் படங்களுக்கு ஆடை தேடித் தொகுப்பவராக அங்கிருந்து நகர்ந்தார். தேடிய ஆடை கிடைக்காதபோது தானே செய்யத் தொடங்கினார். 1969-இல் பெயர் வைத்தார்; 1973-இல் நிறுவனமாகப் பதிவு; 1975-இல் டோக்கியோவில் முதல் காட்சி. அதே காலத்தில் மினாமி அவோயாமா பகுதியில் கடை. அந்தக் கடையில் கண்ணாடி கிடையாது! போட்டால் எப்படித் தெரிகிறது என்பதைவிட எப்படி உணர்கிறாய் என்று பார்த்து வாங்கு என்பது கணக்கு. துணிக்கடைக்குப் போனால் கண்ணாடி முன்னால் அரை மணி நேரம் நிற்கும் என்னைப் போன்றவர்களுக்கு அந்தக் கடை சரிப்பட்டிருக்காது.

1981-இல் அவரும் இன்னொரு ஜப்பானிய வடிவமைப்பாளரான யோஜி யமமோட்டோவும் பாரிஸுக்குப் போனார்கள். ஜப்பானியர் பாரிஸுக்குப் புதிதல்ல. கென்ஸோ தகாடா 1970-லேயே அங்கே கடை போட்டுப் பூவும் வண்ணமுமாகக் கொடிகட்டிப் பறந்தார். இசே மியாகே 1973 முதல் காட்சி நடத்தினார். ஆனால் அவர்கள் வந்தபோது பாரிஸ் வரவேற்றது. இவர்கள் வந்தபோது முகம் சுளித்தது.

சுளிக்கக் காரணம் உண்டு. போன வாரம் தோள்பட்டைப் பஞ்சின் கதையைச் சொல்லியிருந்தேன். வடிவமைப்பாளர்கள் க்லோத் மொன்தானாவும் தியெரி முக்லேரும் பெண்ணின் தோளை வாசற்கதவு அகலத்துக்கு விரித்து, இடுப்பை இறுக்கிப் பிடித்திருந்த நேரம். அமெரிக்கத் தொலைக்காட்சியில் ‘டைனஸ்டி’ தொடரின் சீமாட்டிகள் மினுமினுத்துக்கொண்டிருந்தார்கள். அலுவலகத்தில் ஆணுக்குச் சமமாக உட்கார வேண்டுமென்றால் ஆணின் தோளை இரவல் வாங்கு, மாலை விருந்துக்குப் போனால் பெண்ணுடம்பின் ஒவ்வொரு வளைவையும் காட்டு. அன்றைய உடை உலகம் பெண்ணிடம் சொன்னது இதுதான். அதன் நடுவே குதிகால் உயராத செருப்பும், வாரிவிடாத தலையும், சிரிக்காத முகமுமாகக் கறுப்புத் துணி மூட்டைகள் நடந்து வந்தால்?

பத்திரிகைகள் பாய்ந்தன. பிச்சைக்காரிக் கோலம் என்றார்கள். அணுகுண்டு விழுந்த மறுநாள் உடை என்றார்கள். ஹிரோஷிமாவின் பெயரை இழுத்து ஒரு பட்டமே சூட்டினார்கள். குண்டு விழுந்தபோது கவாகுபோவுக்கு மூன்று வயது நிறையவில்லை, வளர்ந்தது டோக்கியோவில். ஜப்பான்காரி, கிழிசல் துணி, ஆகவே ஹிரோஷிமா. இதைவிடச் சோம்பேறித்தனமான விமர்சனம் இருக்க முடியாது. ஓட்டை போட்டவர் பிரெஞ்சுக்காரராக இருந்திருந்தால் குறும்பு என்று சொல்லியிருப்பார்கள். மறுபக்கம், பாராட்ட வந்தவர்களும் குறைவில்லை. குறையில் நிறை காணும் ஜப்பானியத் தேநீர்க் கலை, ஏழை விவசாயிகளின் ஒட்டுத்துணி என்று தத்துவம் பேசினார்கள். கவாகுபோ இரண்டையும் ஏற்கவில்லை. எதையும் சொல்ல வரவில்லை, இதுவரை இல்லாத ஒன்றைச் செய்யப் பார்க்கிறேன் என்பதே அவரிடமிருந்து திரும்பத் திரும்ப வந்த பதில். பேட்டி எடுக்கப் போனவர்கள் பாவம்.

சரி, இதுவரை இல்லாத ஒன்றை எப்படித் தைப்பது? இந்த இடத்தில் கொஞ்சம் நிதானமாக நிற்க வேண்டும்.

மேலைநாட்டுத் தையல் உடம்பில் தொடங்குகிறது. மார்பு, இடுப்பு, தோள் அளவெடுத்து, தட்டையான துணியை டாட் பிடித்து, உடம்பின் மேடு பள்ளத்துக்கு ஏற்றபடி கூடு செய்வது. நம் ரவிக்கையும் இந்த வழிதான். கிமோனோ வேறு. ஏறக்குறைய 36 சென்டிமீட்டர் அகலத்தில் நெய்த நீளத் துணியை நேர்க்கோட்டில் வெட்டி, நேர்க்கோட்டில் தைத்து, உடம்பின் மேல் சுற்றிக்கொள்வது. கழற்றினால் சதுரமாக மடிந்துவிடும். துணிக்கும் தோலுக்கும் நடுவே உள்ள காற்றுக்கும் அந்த உடையில் இடம் உண்டு. புடவை கட்டத் தெரிந்த ஊரில் இதை நீட்டி விளக்க வேண்டியதில்லை. கவாகுபோ கிமோனோ தைக்கவில்லை. ஆனால் உடம்பில் தொடங்காமல் துணியில் தொடங்கலாம் என்ற துணிச்சல் அந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்றே எனக்குப் படுகிறது. அவர் ஒத்துக்கொள்ள மாட்டார்.

அவருக்கு வரையவும் வராது, வெட்டவும் வராது. அதனால் அவருக்கும் பேட்டர்ன் மாஸ்டர்களுக்கும் நடுவே நடந்த பேச்சு விசித்திரமானது. ஒருமுறை கசக்கிய காகிதம் ஒன்றைக் கொடுத்து, இந்தத் தன்மையில் ஒரு உடுப்புக்கு வெட்டு போடுங்கள் என்றாராம். ‘கந்தையானாலும் கசக்கிக் கட்டு’ என்ற நம் பழமொழியில் கசக்குவது துவைப்பதற்கு. இங்கே கசக்கலே உடுப்பு. இன்னொரு முறை, தலையணை உறையை உள்பக்கம் வெளியே வரும்படி புரட்டிக்கொண்டிருக்கும்போது பாதி உள்ளே, பாதி வெளியே என்று ஒரு கணம் வருமே, அந்தக் கணம் வேண்டும் என்றார். தலையணை உறையின் வடிவம் வேண்டாம்; புரட்டல் வேண்டும். மாஸ்டர்கள் என்ன பாடு பட்டிருப்பார்கள்! அந்த அறைக்கு 1984-இல் வேலைக்கு வந்த இளைஞர்களில் ஒருவர் ஜுன்யா வதனபே. பின்னாளில் அதே நிறுவனத்துக்குள் தன் பெயரிலேயே தொகுப்பு போடும் அளவுக்கு உயர்ந்தார். புதிர் விடுவித்துப் பழகியவருக்கு அது நல்ல பள்ளிக்கூடம்.

துணியும் இப்படித்தான் பிறந்தது. ஹிரோஷி மட்சுஷிடா என்ற துணி வல்லுநரோடு பருவந்தோறும் பேச்சு. கையில் மாதிரித் துண்டு இருக்காது, வண்ண அட்டை இருக்காது. ஒரு மனநிலையைச் சொல்வார், அதை எந்த நூல், எந்த முறுக்கு, எந்த நெசவு என்று மட்சுஷிடா பெயர்க்க வேண்டும்.

இப்படி வந்த உடைகளில் கழுத்துத் திறப்பு நடுவில் இருக்காது. ஒரு பக்கம் முழங்காலோடு நிற்கும் பாவாடை மறுபக்கம் கணுக்காலைத் தொடும். கையை எதில் நுழைப்பது என்று உடுத்துபவரே தீர்மானிக்க வேண்டிய உடைகளும் உண்டு. 1983-இல் இவற்றோடு பாரிஸும் டோக்கியோவும் கொஞ்சம் பழகிவிட்டன. அந்த ஆண்டு ஜப்பானின் மைனிச்சி நாளிதழ் தன் உடையலங்காரப் பரிசை அவருக்குக் கொடுத்தது. டோக்கியோத் தெருக்களில் தலை முதல் கால் வரை கறுப்பில் திரிந்த இளம்பெண்களுக்கு ‘கராசுசோகு’ என்று பெயர் விழுந்தது. காக்கைக் குலம். கணவர் என்ன நினைப்பாரோ என்று ஆடிப்போகாத பெண்ணுக்காகவே தைக்கிறேன் என்று கவாகுபோ சொல்லியிருக்கிறார். வேலைவாய்ப்பில் பெண்களுக்குச் சம உரிமை தரும் சட்டமே ஜப்பானில் 1985-இல்தான் நிறைவேறியது என்பதை நினைத்தால், அந்தக் காக்கைகள் சட்டத்துக்கு முன்னால் பறந்துவிட்டன.

ஒரு குறையை நானும் சொல்லியாக வேண்டும். இந்தக் கந்தல் கோலத்தை வாங்கப் பணக்காரியாக இருக்க வேண்டும். வறுமையில் கிழிந்ததைப் போட்டுக்கொள்பவளுக்குக் கிழிசல் லேஸ் ஆகாது. அவர் வறுமையை நடிக்க நினைக்கவில்லை என்பதை நம்புகிறேன். ஆனால் விலைச்சீட்டுக்குத் தன் சொந்த அர்த்தம் உண்டு. உடையை வடிவமைத்தவரின் எண்ணம் அதை அழித்துவிடாது.

1987-இல் நியூயார்க்கின் எஃப்.ஐ.டி. உடைக் கல்வி நிறுவனம் ‘மூன்று பெண்கள்’ என்று ஒரு கண்காட்சி வைத்தது. பாரிஸின் மதலேன் வியோனே, அமெரிக்காவின் க்ளேர் மெக்கார்டெல், மூன்றாவது கவாகுபோ. முதல் இருவரும் காலமாகிவிட்டவர்கள். இவருக்கு வயது 44. லண்டனின் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்திலும் அந்த 1982 கறுப்பு மேலாடை வகையில் ஒன்று இருக்கிறது. அருங்காட்சியகத் துணிக் காப்பாளர்களுக்குப் பூச்சி என்றால் ஜென்மப் பகை. அவர்கள் அந்த ஆடையின் ஓட்டைகளை ஒவ்வொன்றாக எண்ணிக் குறித்து வைத்திருப்பார்களா என்று கற்பனை செய்துகொள்வேன்: இது கவாகுபோ போட்டது, இதுவும் கவாகுபோ போட்டது, இது மட்டும் யார்?

பத்தாண்டின் பிற்பகுதியில் நிலைமை தலைகீழ். கலைஞர்கள், கட்டடக்கலைஞர்கள், படக்கூடம் நடத்துபவர்கள் என்று நியூயார்க்கிலும் லண்டனிலும் ஒரு வட்டாரமே கறுப்புக்கு மாறியிருந்தது. பெல்ஜியத்து இளைஞர் மார்ட்டின் மார்ஜியேலா 1988 இலையுதிர்காலத்தில் பாரிஸில் தன் முதல் காட்சியை நடத்தினார். தையலை வெளியே காட்டும், விளிம்பை முடிக்காமல் விடும் அவர் கைவேலையில் டோக்கியோவின் சுவடு தெளிவாகத் தெரிந்தது. தளர்ந்த திருகாணி ஒரு பாணியாகிவிட்டது. எல்லாருமே தளர்த்தத் தொடங்கினால், தளர்த்தியவர் என்ன செய்வார்?

கறுப்பைத் தன் கையெழுத்தாக்கிய கவாகுபோ, 1988 குளிர்காலத் தொகுப்பில் மேடையைச் சிவப்பால் நிரப்பினார். ஏன் என்று கேட்டவர்களுக்குக் கிடைத்த விளக்கம்: சிவப்புதான் கறுப்பு. அதற்குமேல் ஒரு சொல் இல்லை.

(தொடரும்)