நான்காவது நிமிடத்தில் வரும் ஹெலிகொப்டர்

போன மாசி மாதம் அக்காவின் மகன் வட்ஸ்அப்பில் ஒரு ஒலிக்கோப்பு அனுப்பியிருந்தான். பதினொரு நிமிடம். பாட்டு இல்லை, தாளம் இல்லை, பேச்சும் இல்லை. "மாமா, கேட்டிட்டு உண்மையைச் சொல்லுங்கோ. நல்லாயிருக்கு எண்டு மட்டும் சொல்ல வேண்டாம்" என்று கீழே எழுதியிருந்தான்.

அவன் கிளிநொச்சியில் பகலில் கைத்தொலைபேசி திருத்தும் கடையொன்றில் வேலை செய்கிறான். இரவில் ஒரு பழைய மடிக்கணினியில், இலவச மென்பொருள் ஒன்றை வைத்து ஒலிகளை வெட்டி ஒட்டுகிறான். முறையாக இசை படித்தவனில்லை. நானும் படிக்கவில்லை. கோயில் திருவிழாக்களுக்கு ஒலிபெருக்கி கட்டி இருபது வருடம் பழகிய காது மட்டும்தான் என்னிடம் இருக்கிறது.

அடுத்த கிழமை அக்கா வீட்டுக்குப் போனபோது அவனோடு இருந்து அதை மீண்டும் கேட்டேன். நான்காவது நிமிடத்தில் ஒரு ஹெலிகொப்டர் சத்தம் வருகிறது. தூரத்தில் தொடங்கி, தலைக்கு மேலே வந்து நிற்கிறது. குசினியில் சமைத்துக்கொண்டிருந்த அக்கா அடுப்பை அணைத்துவிட்டு முற்றத்துக்கு வந்து அண்ணாந்து பார்த்தார். பிறகு எங்களைப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய் அடுப்பைப் பற்றவைத்தார்.

அவனுக்கு என்ன சொல்வது என்று நான் யோசித்ததையே இங்கே எழுதுகிறேன். எங்கள் பிள்ளைகள் பலர் இன்று தொலைபேசியிலும் கணினியிலும் இப்படியான வேலைகளைச் செய்கிறார்கள். நாங்கள் அவர்களுக்கு இரண்டு பதில்கள்தான் வைத்திருக்கிறோம். ஒன்று, "நல்லாயிருக்கு தம்பி." மற்றது, "இதெல்லாம் ஒரு இசையோ?" இரண்டுமே கேட்காமல் சொல்லக்கூடிய பதில்கள்.

முதலில் இது இசையா என்ற கேள்வி. 1948 இல் பிரெஞ்சு வானொலியில் வேலை செய்த பியர் ஷேஃபர் என்ற பொறியியலாளர், பாரிஸின் பட்டிஞ்ஞோல் ரயில் நிலையத்தில் இயந்திரங்களின் சத்தங்களைப் பதிவுசெய்து, அவற்றை மட்டும் வைத்து மூன்று நிமிடம்கூட இல்லாத ஒரு படைப்பைச் செய்தார். அப்போது அவரிடம் ஒலிநாடா இல்லை. இசைத்தட்டுகளில்தான் வேலை செய்தார். ஒரு தட்டின் வரியை வட்டமாக மூடிவிட்டால் ஒரே சத்தம் திரும்பத் திரும்ப வரும் என்பதைக் கண்டார். மணியோசையின் தொடக்கத்தை, அதாவது நாக்கு மணியில் படும் அந்த ஒரு கணத்தை வெட்டிவிட்டால், மிஞ்சும் ஒலி மணியாகவே கேட்காது, குழல் மாதிரி ஒலிக்கும் என்பதையும் கண்டார். இன்று கணினியில் ஒலியை வெட்டி ஒட்டும் எல்லோரும் இந்த வேலையைத்தான் தொடர்கிறார்கள்.

இது எமக்கு முற்றிலும் அந்நியமான விடயமும் இல்லை. 1990 இற்குப் பிறகு குடாநாட்டில் மின்சாரம் இல்லை, பற்றரிக்குத் தடை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் றேடியோவும் கசற்றும் கேட்ட தலைமுறை நான். கை களைத்துச் சுற்று மெதுவானால் கசற்றும் மெதுவாக ஓடும். பாடுபவரின் குரல் தடித்துக் கீழே இறங்கும். நாங்கள் சிரிப்போம். நாடாவின் வேகம் பாதியானால் சுருதி சரியாக ஒரு ஸ்தாயி இறங்கும் என்பது அப்போது எமக்குத் தெரியாது. ஐரோப்பாவின் கலையகங்களில் அதையே ஒரு கருவியாக வைத்திருந்தார்கள்.

ஆகவே, இது இசையாகலாம். ஆனால், நல்ல இசையா என்பது வேறு கேள்வி. மருமகனுக்கு நான் சொன்ன குறைகளில் முதல் இரண்டும் சாதாரணமானவை. ஒன்று, அளவு மீறிய சத்தம். எண்முறைப் பதிவில் ஓர் உச்ச எல்லை இருக்கிறது. அதைத் தாண்டினால் ஒலி அலையின் முடி தட்டையாக வெட்டப்பட்டு, கரகரப்பு வரும். சத்தம் கூடினால் பயம் கூடும் என்று அவன் நினைத்திருக்கிறான். உண்மையில், தொடக்கம் முதல் எல்லாமே உச்சத்தில் இருந்தால் காது ஐந்து நிமிடத்தில் கேட்பதை விட்டுவிடும். திருவிழாவில் மேளச்சமா எடுபடுவது அதற்கு முன்னால் சற்று அமைதி இருந்தால்தான். இரண்டாவது, எதிரொலி. எல்லா ஒலிக்கும் ஒரே எதிரொலியைப் பூசியிருக்கிறான். அதனால் எல்லாமே ஒரே குகைக்குள் இருந்து வருவதுபோல் இருக்கிறது. எது கிட்ட, எது தூர என்று தெரியவில்லை.

மூன்றாவதுதான் ஹெலிகொப்டர்.

ஷேஃபர் தேடியது, ஒலி எதிலிருந்து வருகிறது என்பதை மறந்து ஒலியை மட்டும் கேட்கும் ஒரு கேட்டலை. ரயிலை மற, அதன் சத்தத்தின் ஏற்ற இறக்கத்தைக் கேள் என்பது அதன் பொருள். ரயில் சத்தத்தில் அது முடியும். அக்காவால் ஹெலிகொப்டரை மறக்க முடியாது. அந்தச் சத்தத்தை அவர் கேட்பதற்கு முதலே அவருடைய கால் நடக்கத் தொடங்கிவிட்டது. அந்த இடத்தில் அவரை எழுப்பி முற்றத்துக்குக் கொண்டுவந்தது இவனுடைய இசை இல்லை, 2009. அந்த ஒலியை வைத்தால் போதும், மிச்ச வேலையை யுத்தம் செய்துவிடும். அதனால்தான் அது சோம்பலான தெரிவு என்று அவனிடம் சொன்னேன்.

"எங்க எடுத்தனி?" என்று கேட்டேன். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் ஒலித் தொகுப்பு ஒன்றிலிருந்து இறக்கியதாம். எந்த நாட்டு ஹெலியோ தெரியாது.

அப்படியானால் யுத்தத்தின் சத்தத்தைத் தொடவே கூடாதா? அப்படி இல்லை. டெலியா டார்பிஷர் 1937 இல் இங்கிலாந்தின் கொவென்ட்ரியில் பிறந்தவர். 1940 நவம்பரில் ஜேர்மன் விமானங்கள் அந்த நகரத்தைக் குண்டு வீசி அழித்தபோது அவர் மூன்று வயதுப் பிள்ளை. விமானத் தாக்குதலை அறிவிக்கும் சங்கொலியும், ஆபத்து நீங்கியது என்று அறிவிக்கும் ஒலியும்தான் தன்னை அருவமான ஒலிகளின் பக்கம் இழுத்தன என்று பிற்காலத்தில் சொன்னார். 1963 இல் பிபிசியில், 'டொக்டர் ஹூ' தொடருக்கு ரொன் கிரெய்னர் எழுதிய முகப்பிசையை நாடாத் துண்டுகளை ஒவ்வொன்றாக வெட்டி ஒட்டி அவர் உருவாக்கினார். அதில் சங்கொலிப் பதிவு எதுவும் இல்லை. ஆனால், வழுக்கி ஏறி இறங்கும் அந்தத் தொனியில் எனக்கு ஒரு சங்கு கேட்கிறது.

யானிஸ் ஸெனாகிஸ் கிரேக்க எதிர்ப்பியக்கத்தில் இருந்தவர். ஏதென்ஸ் சண்டையில் பிரித்தானியத் தாங்கி ஒன்றின் செல் துண்டு பட்டு ஒரு கண்ணை இழந்தார். 1947 இல் பிரான்சுக்குத் தப்பிப் போனார். ஊர்வலக் கோஷம், அதை உடைத்துச் சிதறும் துப்பாக்கிச் சத்தம், கூட்டம் கலையும் இரைச்சல் எல்லாம் அவர் நினைவில் இருந்தன. அவர் அவற்றின் பதிவுகளை எடுத்து ஒட்டவில்லை. ஆயிரம் சிறு ஒலிகள் சேர்ந்து ஒரு திரளாக அசையும் அந்த வடிவத்தை எடுத்து வயலின்களுக்கும் செலோக்களுக்கும் எழுதினார். 1958 இல் எரியும் கரியின் வெடிப்பொலியை மட்டும் வைத்து மூன்று நிமிடத்துக்குள் ஒரு படைப்புச் செய்தார். கேட்டால் கரி என்று தெரியாது.

மருமகனின் வேலையிலும் அப்படி ஒரு இடம் இருக்கிறது. ஏழாவது நிமிடத்தில், நாற்பது விநாடி அளவில், ஏதோ ஒன்று மெதுவாக மூச்சு விடுகிறது. நான் மூன்று தரம் திருப்பிப் போடச் சொன்னேன். பின் விறாந்தையில் கட்டியிருக்கும் தறப்பாள் காற்றுக்கு அடிப்பதைத் தொலைபேசியில் பதிந்து, நான்கு மடங்கு மெதுவாக்கியிருக்கிறான். இரண்டு ஸ்தாயி கீழே இறங்கி, அது பெரிய மிருகம் ஒன்றின் நெஞ்சு மாதிரி ஆகிவிட்டது. "செட்டிகுளம் முகாமில இரவில இதுதான் மாமா கேட்கும். ஹெலி எனக்கு அவ்வளவா ஞாபகமில்லை" என்றான். அப்போது அவனுக்கு ஆறு வயது.

"அப்ப ஏன் ஹெலியைப் போட்டனி?"

"தறப்பாள் எண்டால் ஆருக்கு விளங்கும்? கொழும்பில கேட்கிற ஒராளுக்கு, வெளிநாட்டில பிறந்த பிள்ளைக்கு, ஹெலி எண்டால்தானே யுத்தம் எண்டு தெரியும்."

அது எனக்கு இலகுவில் பதில் சொல்ல முடியாத கேள்வி. தெரியாதவனுக்குச் சொல்ல வேண்டும் என்ற ஆசை பிழை இல்லை. ஆனால், தெரியாதவன் ஹெலிச் சத்தத்தை ஆயிரம் படத்தில் கேட்டிருப்பான். அவனுக்கு அது புதிதாக எதையும் சொல்லாது. தெரிந்தவர் முற்றத்துக்கு ஓடி வருவார். இருவருக்குமே அந்த நான்காவது நிமிடத்தில் இசை கேட்கப்போவதில்லை. தறப்பாளோ இருவருக்கும் புதிது. இவ்வளவுதான் சொன்னேன். அவன் முகம் வாடியது. ஒரு கிழமை எந்தச் செய்தியும் இல்லை.

பிறகு புதிதாக ஒன்று வந்தது. ஆறு நிமிடம். ஹெலிகொப்டர் இல்லை. தறப்பாள் முதலிலேயே தொடங்கி, நடுவில் அரை நிமிடம் ஒன்றுமே இல்லாமல் போய், மிகக் கிட்டத்தில் திரும்பி வருகிறது. அக்கா அருகில் இருந்துதான் கேட்டாராம், எழும்பிப் போகவில்லையாம். கடைசிப் பகுதி இன்னும் ஒரு நிமிடம் அதிகம் என்று பதில் எழுதி அனுப்பியிருக்கிறேன்.